ரோன் ஒயினும் கம்பம் பன்னீர் திராட்சையும்

மசாலா அரைத்து விற்கும் வியாபாரிக்குக் கலவையின் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மிளகாய் காரத்துக்கு, இன்னொன்று நிறத்துக்கு, மல்லி மணத்துக்கு. எதையும் தனியாக விற்கலாம், சேர்ந்தால்தான் சாம்பார்பொடி. பிரான்ஸின் தென்கிழக்கே ரோன் நதிப் பள்ளத்தாக்கில் சிவப்பு ஒயின் செய்கிறவர்கள் போடுவதும் இதே கணக்குதான்.

அங்கே முக்கியமான திராட்சை மூன்று. கிரெனாஷ் நல்ல வெயிலில் பழுத்துச் சர்க்கரை ஏறும் ரகம். அதனால் ஒயினில் ஆல்கஹாலும் கூடும். ஸ்ட்ராபெர்ரி போன்ற பழமணம் தரும். ஆனால் நிறம் வெளிறியது. அந்தக் குறையைத் தீர்ப்பது சிரா. கருநிறமும் நாவல்பழத்தை நினைவூட்டும் சுவையும் அதனுடையவை. மூன்றாவது மூர்வெத்ர். கொட்டைப்பாக்கை மென்றால் நாக்கில் பிடிக்குமே ஒரு துவர்ப்பு, அதைக் கொடுத்து ஒயினைப் பல வருடம் நிற்க வைப்பது இது. ஒயின் என்றாலே இனிப்பு என்று நம் பக்கத்தில் ஒரு நினைப்பு உண்டு. இந்தக் கலவையில் சர்க்கரை அநேகமாக முழுவதும் நொதித்துப் போய்விடும். மிஞ்சுவது துவர்ப்பும் காரமான மணமும்தான்.

சிராவில் மிளகு வாசம் அடிக்கிறது என்று ரசிகர்கள் வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். வெறும் வர்ணனை அல்ல அது. 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்த வாசனைக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள் எனக் கண்டறிந்தார்கள். குமுளியிலிருந்து இறங்கும் மிளகு மூட்டையைப் பிரித்தால் மூக்கில் ஏறும் மணத்திலும் அதே பொருள் இருக்கிறது. ஒயினில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாகவே.

இனி நம் சரக்குக்கு வருவோம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் ரகம். முல்லைப் பெரியாறு பாயும் இந்தப் பள்ளத்தாக்கில் கொடியை உறங்க வைக்கும் குளிர் கிடையாது. கவாத்துக் கணக்கை வைத்து இரண்டு வருடத்தில் ஐந்து மகசூல்கூட எடுக்கிறார்கள். ரோனில் வருடத்துக்கு ஒரே அறுவடை.

பன்னீரின் பலம் வாசனை. சிராவின் கருமையையும் மூர்வெத்ரின் துவர்ப்பையும் அதனிடம் எதிர்பார்ப்பது, ஏலக்காயிடம் மிளகின் காரத்தைக் கேட்பது மாதிரி. ஆனால் அதே ரோனின் தென்பகுதியில் போம் த வெனீஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே மஸ்கட் திராட்சை நொதிக்கும்போது பாதியில் சாராயம் சேர்த்து நிறுத்தி, பழத்தின் இனிப்பும் மணமும் போகாமல் ஒயின் எடுக்கிறார்கள். அது வேறு மஸ்கட்தான், பெரும்பாலும் வெள்ளை ஒயின். என்றாலும் நம் பன்னீருக்கு உறவு தேட வேண்டிய இடம் அதுவே. தேனியில் ஒயின் எடுக்க நினைப்பவர்கள் சிவப்புக் கலவையைப் பார்த்து மயங்காமல் இந்த வழியைப் பார்ப்பது நல்லது.

மளிகைக் கடையில் ஒயின் விற்க முடியாது. 2003 முதல் தமிழ்நாட்டில் மதுச் சில்லறை டாஸ்மாக் வசம். நமக்குள்ள அக்கறை பழத்தில்தான். பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் திராட்சை வெடிக்கிறது, வரத்து குவிகிறது, கமிஷன் கடையில் இரண்டு நாள் வைத்துப் பார்க்கவும் வழியில்லை. அந்த நேரத்தில் ஆலைக்குப் போகும் பழம் விவசாயிக்கும் வியாபாரிக்கும் ஒரு பிடிமானம். ஆனால் ஆலைக்காரர் முதலில் கேட்பது பெட்டியின் எடையை அல்ல, சாற்றின் சர்க்கரை அளவை. ரோனில் 1936 முதல் சட்டப் பாதுகாப்புள்ள பெயர் ஷாத்தோநெஃப் து பாப். அந்தப் பெயரைப் போட, கெட்ட பழத்தைக் கழித்தே ஆக வேண்டும். ஒயினில் குறைந்தது 12.5 சதவீதம் ஆல்கஹால் நிற்குமளவு பழம் பழுத்திருக்கவும் வேண்டும்.

நமக்கும் இப்போது பெயர் கிடைத்துவிட்டது. தரம் பிரிப்பது மட்டும் இன்னும் கண்பார்வையில்தான் நடக்கிறது. இரண்டு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தில் பிடித்தால் இனிப்பு அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் சட்டைப் பையில் அடங்கும் கருவி. கம்பம், உத்தமபாளையம் கமிஷன் கடைகளில் தராசுக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தால், நன்றாகப் பழுக்கவிட்டு அறுத்தவருக்குக் கூடுதல் விலை போட ஒரு ஆதாரம் கிடைக்கும்.