‘வளி’ என்னும் சொல்

காற்றைக் குறிக்கும் தொன்மையான தமிழ்ச் சொற்களுள் ஒன்று ‘வளி’. தொல்காப்பியர் இதனை இரு நிலைகளில் ஆள்கின்றார். மரபியலில் அஃது ஐம்பூதங்களுள் ஒன்று. பிறப்பியலில், உந்தியிலிருந்து எழுந்து எழுத்தொலியைத் தோற்றுவிக்கும் மூச்சு.

புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார், கரிகாலனின் முன்னோர் காற்றைப் பணிகொண்டு கடலிற் கலம் செலுத்திய திறத்தை இச்சொல்லாற் பாடுகின்றார். வள்ளுவர் 245ஆம் குறளில் உலகெங்கும் உலவும் காற்றையும், 941ஆம் குறளில் அளவு பிறழ்ந்தால் பிணி தரும் மூன்றனுள் முதலாகிய வாதத்தையும் ‘வளி’ என்றே சுட்டுகின்றார். கடலும் உலகும் உடலும் ஒரு சொல்லுள் அடங்கின.

இன்று தமிழகப் பேச்சில் இச்சொல் தனித்து வழங்குவதில்லை. சூறாவளி, வளிமண்டலம் எனப் பிற சொற்களோடு ஒட்டியே வாழ்கின்றது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களிலோ, நாம் ‘காற்று மாசு’ என்பது ‘வளி மாசு’ என நின்று, சொல் தனித்தும் உயிர்த்திருக்கின்றது.

எழுத்தொலிக்குப் பிறப்பளிப்பது வளி. அதன் பெயரே நம் நாவிற் பிறவாது போதல் தகுமோ? மாணவர்களே, எழுதுங்கால் இச்சொல்லை ஒருமுறையேனும் எடுத்தாளுங்கள். ஏட்டில் உறங்கும் சொல் வழக்கிற்கு வந்தாலன்றி வாழாது.