குலுங்காத கார் எது?

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாயைக் கடந்திருக்கிறீர்களா? வளைவும் நீண்ட இறக்கமும் கொண்ட பாதை; விபத்துகளுக்குப் பேர்போனது. வீட்டில் பழைய எஸ்டேட் கார் வாங்கும் பேச்சு எழுந்தால், அந்த இறக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்டேட் காரின் கூரை பின்கோடி வரை நீண்டிருக்கும். பின்னிருக்கைக்கு அப்பால் சாமான் வைக்க இடமுண்டு. டாடா நிறுவனம் 1992-இல் 'எஸ்டேட்' என்ற பெயரிலேயே ஒன்றை வெளியிட்டது. தொலைதூரப் பயணத்துக்கு வசதிதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் பாரம் சுமந்து பின்புற ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கலாம். சமதரையில் நிறுத்திப் பாருங்கள், பின்பக்கம் தாழ்ந்திருக்கிறதா?

மெத்தென்ற இருக்கையைக் கண்டு மயங்காதீர்கள்! மேடுபள்ளத்தின் அதிர்ச்சியை ஏற்பது ஸ்பிரிங். ஆனால் அமுங்கிய ஸ்பிரிங் ஊஞ்சல்போல ஆடிக்கொண்டேயிருக்குமே? அதை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதனுள்ளே எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிப் பாய்கிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. எண்ணெய் கசிந்துபோனால் சக்கரம் தரையைச் சரியாகப் பற்றாமல் துள்ளும். துள்ளும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தப் பார்த்தால் என்ன ஆகும்? வண்டி நிற்க அதிகத் தூரம் தேவைப்படும். தொப்பூரில் அந்தத் தூரம் கிடைக்காமல் போகலாம்.

சோதித்துப் பார்ப்பது எளிது. நிற்கும் காரின் ஒரு மூலையை இரு கைகளாலும் பலமாக அழுத்திவிட்டுச் சட்டென்று விடுங்கள். எழும்பி, ஓரிரு அசைவில் அடங்கினால் நல்லது. மேலும் ஆடினால் ஷாக் அப்சார்பர் தேய்ந்திருக்கிறது. நான்கு மூலைகளிலும் செய்யுங்கள். டயரின் பக்கவாட்டில் '2319' என்றிருந்தால், அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது.

ஓட்டிப் பார்க்கும்போது முன்னிருக்கைக்குச் சண்டை போடாதீர்கள். குலுக்கல் பின்னிருக்கையில்தான் நன்றாகத் தெரியும்.