எல்லைக்கோடு சொல்லும் செய்தி
எலும்புக் கட்டிகளில் நல்லது எது, கெட்டது எது?

எடப்பாடியில் எங்கள் தெருவில் இரவு பகலாக விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் தெருவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே மாதிரியான கவலை வந்தது.

ஒரு வீட்டில் பன்னிரண்டு வயதுச் சிறுமி. அவளுக்கு முழங்காலுக்குச் சற்று மேலே கல்லைப் போல ஒரு புடைப்பு. வலி இல்லை. ஆனாலும் வீட்டார் பயந்துபோய் அவளைச் சேலத்துக்கு அழைத்துக்கொண்டு ஓடினார்கள். நாலு வீடு தள்ளி, பதினைந்து வயதுப் பையன், கபடி ஆட்டக்காரன். அவனுக்கும் ஏறக்குறைய அதே இடத்தில் வீக்கம், வலியும் உண்டு. ஆட்டத்தில் அடிபட்டதுதான் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். அவன் அப்பா என்னிடம், “ஏனுங்க சார், படம் எடுத்துப் பாக்கோணுங்களா?” என்று கேட்டார். “ஓடியாடுற வயசுங்க, பத்து நாள்ல சரியாப் போயிரும்” என்றேன். எண்ணெய் போட்டு நீவினார்கள். இறுக்கிக் கட்டுப் போட்டார்கள். பத்து நாள் இரண்டு மாதம் ஆயிற்று.

பயந்து ஓடிய சிறுமியின் கட்டி தீங்கற்றது. பயப்படாமல் இருந்த பையனின் கட்டி புற்று.

தொட்டுப் பார்த்தால் இரண்டும் கெட்டியாகத்தான் இருந்தன. பின்னர் இரண்டு எக்ஸ்-கதிர்ப் படங்களையும் எனக்குக் காட்டினார்கள். அப்போதுதான் ஒன்றை உணர்ந்தேன். வகுப்பில் எக்ஸ்-கதிரைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்தும் எனக்கு, அந்தப் படத்தைப் படிக்கத் தெரியவில்லை! அதன்பின் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

நிழலில் தெரியும் எலும்பு

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மானிய இயற்பியல் அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் தம் மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் அதில் தெளிவாகத் தெரிந்தன. சதை மட்டும் மங்கலாகிவிட்டது. காரணம் என்ன?

சதையில் பெரும்பாலும் ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் ஆகிய இலேசான அணுக்கள் இருக்கின்றன. ஆக்சிஜனின் அணு எண் 8. எலும்பிலோ கால்சியம் நிறைய உண்டு. அதன் அணு எண் 20. எக்ஸ்-கதிரை விழுங்கும் திறன் அணு எண்ணோடு மிக வேகமாகக் கூடுகிறது. அணு எண்ணை மும்முறை பெருக்கி வரும் தொகைக்கு ஏற்ப என்று தோராயமாகச் சொல்லலாம். இரண்டரை மடங்கு அணு எண் என்றால் விழுங்கும் திறன் பதினைந்து மடங்குக்கும் மேல்! ஆகவே எலும்பைக் கடந்து வரும் கதிர்கள் குறைவு. படத்தில் அந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது. எங்கே கால்சியம் கரைந்துவிட்டதோ, அங்கே கறுப்பு விழுகிறது. இந்தக் கறுப்பு வெள்ளையைக் கொண்டுதான் டாக்டர் கதையைப் படிக்கிறார்.

வெள்ளமும் வரப்பும்

எலும்பு செத்த கட்டை அல்ல. அதில் ஒரு வகைச் செல்கள் பழைய எலும்பைக் கரைத்துக்கொண்டும், வேறொரு வகைச் செல்கள் புதிய எலும்பைக் கட்டிக்கொண்டும் இருக்கின்றன. கட்டி என்பது கட்டுப்பாடின்றிப் பெருகும் செல்களின் கூட்டம். அக்கூட்டம் பிறந்த இடத்திலேயே தங்கிவிட்டால் தீங்கற்ற கட்டி. சுற்றியுள்ள திசுக்களை அரித்துக்கொண்டு நுழைந்து, இரத்தத்தில் கலந்து, வேறு உறுப்புகளில் போய்க் குடியேறும் இயல்பு இருந்தால் அது புற்று. எலும்புப் புற்று பெரும்பாலும் குடியேறும் இடம் நுரையீரல்.

படமோ அசையாத ஒரு நிழல். அதைப் பார்த்துக் கட்டியின் போக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வயலை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மெல்ல மெல்ல ஏறினால் உழவர் மண்ணை வெட்டிப் போட்டு வரப்பை உயர்த்திவிடுவார். திடீரென்று வெள்ளம் வந்தாலோ, மண்வெட்டியைத் தேடுவதற்குள் வரப்பு உடைந்துவிடும். வெள்ளம் வடிந்தபின் வயலைப் பார்க்கிறவர், தண்ணீர் எவ்வளவு வேகத்தில் வந்தது என்பதை வரப்பை வைத்தே சொல்லிவிடலாம் அல்லவா?

எலும்பிலும் இதுவே நடக்கிறது. கட்டி மெதுவாக வளர்ந்தால், அதைச் சுற்றி எலும்பு ஒரு சுவரைக் கட்டிவிடுகிறது. படத்தில் அது பென்சிலால் வரைந்த வெள்ளைக் கோடு போலத் தெரியும். கட்டி வேகமாக வளர்ந்தால் சுவர் கட்ட நேரம் கிடைப்பதில்லை. கட்டி எங்கே முடிகிறது, நல்ல எலும்பு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. கரையான் அரித்த பலகை போல அங்கங்கே ஓட்டை விழுந்திருக்கும். ஆக, எல்லையைப் பார்த்தால் வேகம் தெரிகிறது. வேகத்தைக் கொண்டு இயல்பை ஊகிக்க முடிகிறது.

டாக்டர் கேட்கும் ஐந்து கேள்விகள்

1. வயது என்ன? எலும்பிலேயே தோன்றும் புற்றுகளில் முக்கியமானது ஆஸ்டியோசார்கோமா. அது பெரும்பாலும் பத்திலிருந்து இருபது வயதுக்குள், உடல் வேகமாக வளரும் பருவத்தில் வருகிறது. நாற்பதைக் கடந்தவர்களின் எலும்பில் காணப்படும் புற்று, பெரும்பாலும் மார்பகம், நுரையீரல் போன்ற வேறோர் உறுப்பிலிருந்து வந்து குடியேறியதாக இருக்கும்.

2. எந்த இடம்? ஆஸ்டியோசார்கோமாவுக்கு மிகவும் பிடித்த இடம் முழங்காலைச் சுற்றியுள்ள பகுதி. எலும்பு அதிகமாக நீளும் இடமும் அதுதான்.

3. எல்லை எப்படி? இதை மேலே பார்த்தோம்.

4. எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வு என்ன செய்கிறது? புற்று வேகமாகத் தள்ளும்போது சவ்வு எலும்பிலிருந்து தூக்கப்படுகிறது. தூக்கிய ஓரத்தில் முக்கோணமாகப் புதிய எலும்பு தோன்றும். இதை விவரித்த அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மனின் பெயரால் இது ‘காட்மன் முக்கோணம்’ எனப்படுகிறது. சில சமயம் சூரியனைச் சுற்றிக் கதிர்கள் வரைவது போல எலும்புக் கீற்றுகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஈவிங் சார்கோமா என்னும் மற்றொரு புற்றில் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகத் தெரிவதுண்டு.

5. கட்டி எலும்பை உடைத்துக்கொண்டு சதைக்குள் நுழைந்திருக்கிறதா? நுழைந்திருந்தால் ஐயம் வலுக்கிறது.

சிறுமியின் படத்தில், தொடையெலும்பிலிருந்து சின்னக் கிளை போல ஒரு முளை கிளம்பியிருந்தது. உள்ளே இருக்கும் மச்சைப் பகுதி, தாய் எலும்பின் மச்சையோடு தொடர்ச்சியாக இருந்தது. இதற்கு ஆஸ்டியோகாண்ட்ரோமா என்று பெயர். தீங்கற்ற எலும்புக் கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதுவே. நுனியில் குருத்தெலும்புத் தொப்பி ஒன்று இருக்கும். பிள்ளையின் வளர்ச்சி நிற்கும்போது பெரும்பாலும் இதன் வளர்ச்சியும் நின்றுவிடும். பையனின் படத்திலோ எல்லையும் இல்லை, சுவரும் இல்லை. முக்கோணம் மட்டும் தெளிவாக இருந்தது.

டைனோசரும் தப்பவில்லை

கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1989-ல் சென்ட்ரோசாரஸ் என்னும் கொம்புள்ள டைனோசரின் கால் எலும்பு ஒன்று கிடைத்தது. அதன் வயது சுமார் ஏழரைக் கோடி ஆண்டுகள். எலும்பின் முனை உருக்குலைந்து தடித்திருந்தது. எலும்பு முறிந்து கூடியதன் அடையாளம் என்றே முதலில் கருதினார்கள். பின்னர் சி.டி. ஸ்கேன் செய்தும், மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தும், அது ஆஸ்டியோசார்கோமா என்று 2020-ல் அறிவித்தார்கள். அடிபட்ட காயம் என்று புற்றை நினைத்துவிடுவது எங்கள் தெருவில் மட்டும் நடப்பதல்ல!

ஆனால் அடிபட்டதனால் புற்று வந்தது என்பதற்குச் சான்றில்லை. அடிபட்ட பிறகுதான் அந்த இடத்தை நாம் கவனிக்கிறோம், அவ்வளவே.

படம் மட்டும் போதுமா?

போதாது. எலும்பில் கிருமி தொற்றிச் சீழ் வைத்தாலும் படத்தில் புற்றைப் போலவே தெரியலாம். ஜயன்ட் செல் கட்டி என்பது பொதுவாகத் தீங்கற்ற வகையைச் சேர்ந்தது. ஆனாலும் எலும்பைப் பலமாக அரித்துவிடும். இரவில் வலித்தால் புற்று என்றும் சொல்லிவிட முடியாது. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்னும் சின்னஞ்சிறு தீங்கற்ற கட்டி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வலிக்கும். இன்று ஊசி போன்ற கருவியை உள்ளே செலுத்தி, ரேடியோ அலை மின்னோட்டத்தின் வெப்பத்தாலேயே அதைச் சுட்டு அழித்துவிடுகிறார்கள்.

மேலும், கால்சியம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது குறைந்தால்தான் சாதாரணப் படத்தில் தெரியும். ஆகவே ஐயமுள்ள இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். காந்தப் புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்களை அதிரவைத்துப் படம் பிடிக்கும் முறை அது. முடிவான தீர்ப்பை வழங்குவது திசுச் சோதனை. கட்டியின் ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே அது. எந்த இடத்தில் ஊசி குத்துவது என்பதுகூடப் பின்னால் நடக்கும் அறுவையைப் பாதிக்கும். ஆகவே இத்தகைய நோய்க்குச் சிகிச்சை செய்யும் மருத்துவமனையிலேயே அதைச் செய்துகொள்வது நல்லது.

காலைக் காக்கும் காலம்

1970-களுக்கு முன் ஆஸ்டியோசார்கோமா என்றால் காலை எடுப்பதே வழி. அப்படியும் ஐந்தில் நால்வர் பிழைக்கவில்லை. பிறகு புற்று மருந்துகள் வந்தன. நோய் வேறிடம் பரவாத நிலையில் கண்டுபிடித்து முறையாகச் சிகிச்சை செய்தால், இன்று நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். பெரும்பாலோருக்குக் காலை எடுக்க வேண்டியதும் இல்லை. நோயுற்ற எலும்பை மட்டும் நீக்கிவிட்டு உலோக எலும்பைப் பொருத்துகிறார்கள். நோயாளியின் அளவுக்கேற்ப இத்தகைய உலோக மூட்டுகளை உள்நாட்டிலேயே செய்து பொருத்துவதில் முன்னோடியாக விளங்கியவர் சென்னை மருத்துவர் மயில்வாகனன் நடராஜன். 2007-ல் இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் தமிழ்நாட்டில் உண்டு. வசதிக்குக் குறைவில்லை, காலத்தோடு போய்ச் சேர வேண்டியதே நம் பொறுப்பு.

எப்போது படம் எடுக்க வேண்டும்?

எலும்புப் புற்று அரிய நோய். எல்லாப் புற்றுகளிலும் நூற்றுக்கு ஒன்றுகூட இராது. ஆகவே கால் வலித்த மாத்திரத்தில் நடுங்க வேண்டாம். சிறுவர்களுக்கு மாலை நேரத்தில் இரண்டு கால்களும் வலிப்பதும், காலையில் எழுந்ததும் ஓடியாடுவதும் சகஜம். ஆனால் பின்வருபவற்றைக் கவனியுங்கள்: ஒரே பக்கத்தில், ஒரே இடத்தில், இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலி, ஓய்விலும் இரவிலும் விடாத வலி, நாளுக்கு நாள் பெருக்கும் வீக்கம், இலேசாக இடறியதற்கே எலும்பு முறிவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டிப் படம் எடுக்க வேண்டும். அதுவரை அந்த இடத்தை அழுத்தி நீவவும் கூடாது.

அந்தப் பையனுக்கு மருந்து கொடுத்தார்கள். அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் கட்டி பெரிய இரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டிருந்ததால் காலைக் காப்பாற்ற முடியவில்லை. செயற்கைக் காலுடன் டிப்ளமா முடித்துவிட்டு இப்போது வேலைக்குப் போகிறான். ஒரு நாள் என்னிடம், “சார், மொத வாரமே படம் எடுத்திருந்தா கால் தப்பிச்சிருக்குமுங்களா?” என்று கேட்டான்.

தப்பியிருக்கும் என்றும் சொல்ல முடியவில்லை. தப்பியிராது என்றும் சொல்ல முடியவில்லை. இப்போதெல்லாம் யாராவது வந்து, “படம் எடுக்கோணுங்களா?” என்று கேட்டால் நான் நாள் கணக்குச் சொல்வதில்லை. “டாக்டரைப் பாத்து எடுத்துருங்க” என்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.