வேலை உறுதித் திட்டம்: செலவும் பயனும்

அரசு செலவிடும் பணம் எவரைச் சென்றடைகிறது என்பது, அது எவ்வாறு செலவிடப்படுகிறது என்பதைப் பொறுத்ததாகும். மகாராஷ்டிர மாநிலத்தின் வேலை உறுதித் திட்டம் இதற்குத் தக்க சான்று. 1972ஆம் ஆண்டு வறட்சியின்போது விரிவடைந்த இத்திட்டம், 1977இல் சட்டமாகி, 1979 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. நகரங்களில் மாத ஊதியம் பெறுவோர் செலுத்திய தொழில் வரி இதற்கு நிதியாயிற்று. அதற்கு ஈடான தொகையை மாநில அரசும் வழங்கியது.

செலவில் குறைந்தது 60 சதவீதம் கூலியாகவே தரப்பட வேண்டும் என்பது விதி. ஒப்பந்தக்காரருக்கு இடமில்லை. ஆகவே கல் உடைத்தும் மண் சுமந்தும் உழைத்தவர்களுக்கே, அவர்களுள் பெண்கள் கணிசமானோர், பணத்தின் பெரும்பகுதி சேர்ந்தது. அதே தொகை சிமெண்டுக்கும் இயந்திரத்திற்கும் செலவாகியிருந்தால், கிராமத்தில் தங்கியிருப்பது சொற்பமே.

ஆயினும் கணக்கு கூலியோடு முடிவதில்லை. கசிவுநீர்க் குளம் வெட்டி முடிந்ததும் வேலை தீர்ந்துவிடுகிறது; குளமோ நிற்கிறது. அதன் கீழ்ப்புறக் கிணறுகளில் நீர்மட்டம் உயர்கிறது. கிணறும் நிலமும் உடையவர் கூடுதலாக ஒரு போகம் எடுக்கிறார். குளத்தை வெட்டிய நிலமற்ற தொழிலாளிக்கு அந்நீரில் பங்கு ஏதுமில்லை. பிற்காலத்தில் சிறு விவசாயிகளின் சொந்த நிலத்தில் கிணறு வெட்டவும், 1990 முதல் பழமரங்கள் நடவும் இத்திட்டத்தில் வழி செய்யப்பட்டது. அதற்கும் முதலில் நிலம் இருந்தாக வேண்டியிருந்தது.