மூச்சும் ஆழமும்

இயற்பியல் பாடத்தில் சூத்திரமாக மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோன வாயு விதி ஒன்றை நாம் ஒவ்வொரு மூச்சிலும் நிறைவேற்றிக் கொண்டிருக்கிறோம். உதரவிதானம் கீழிறங்க, மார்புக்கூட்டின் கொள்ளளவு பெருகுகிறது. உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் சற்றே தாழ்கிறது. உடனே வெளிக்காற்று உட்புகுகிறது. காற்றை இழுக்கிறோம் என்பது பேச்சு வழக்கே. நாம் இடம் விடுகிறோம். காற்று தானே வருகிறது.

வெப்பநிலை மாறாதிருக்கையில், குறிப்பிட்ட அளவு வாயுவின் கொள்ளளவு அதன் அழுத்தத்திற்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பதை ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்டார். ஒரு முனை அடைக்கப்பட்ட வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை ஊற்றி அவர் இதனைக் கண்டறிந்தார். அழுத்தம் இரு மடங்கானபோது, குழாயில் சிறைப்பட்ட காற்று பாதியாகச் சுருங்கிற்று.

இவ்விதியின் முழு வலிமையைக் கடலுள் இறங்குவோரே அறிவர். கடலில் ஏறத்தாழ 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்த நம் முன்னோர் மூச்சை அடக்கியே இறங்கினர். மேலே நுரையீரலில் நிரப்பிய 6 லிட்டர் காற்று, 10 மீட்டர் ஆழத்தில் 3 லிட்டராகவும், 20 மீட்டரில் 2 லிட்டராகவும் சுருங்கும். திரும்பி ஏறுகையில் அது பழைய அளவிற்கே விரியும். அதற்கு மேல் விரிய வழியில்லை. மூச்சை இறுதிவரை அடக்குவதே அவர்களுக்குக் காப்பாயிருந்தது.

படகிலிருந்து குழாய் வழியே அழுத்தப்பட்ட காற்றைப் பெற்றுச் சுவாசிப்பவரின் நிலை வேறு. கருவி, அந்த ஆழத்தின் அழுத்தத்திற்கு இணையாகவே காற்றைத் தருகிறது. ஆகவே 10 மீட்டர் ஆழத்திலும் அவர் நுரையீரல் 6 லிட்டர் நிறைந்திருக்கும். பழைய வழக்கப்படி மூச்சை அடக்கிக்கொண்டு அவர் மேலேறினால், அக்காற்று 12 லிட்டராக விரிய முற்படும். அதற்கு மார்பில் இடமேது? நுரையீரலின் நுண்ணறைகள் கிழிந்து, காற்றுக் குமிழ்கள் குருதியில் கலந்து மூளையை அடையக்கூடும். இதற்குப் பேராழம் வேண்டியதில்லை என்பதே பலரும் அறியாதது. அழுத்த விகிதம் மிக விரைவாக மாறுவது நீர்மட்டத்தை ஒட்டிய பகுதியில்தான். 2 மீட்டருக்கும் குறைந்த ஆழத்திலிருந்து ஏறும்போதும் இவ்விபத்து நேர்வதுண்டு.

தந்தையிடம் மூச்சடக்கப் பழகிய ஒருவருக்கு, குழாயைக் கடித்த கணம் முதல் அப்பயிற்சியே பகையாகிவிடுகிறது. கருவியை விற்பவர் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்: ஏறும்போது மூச்சை அடக்காதீர், இயல்பாகச் சுவாசித்துக்கொண்டே, நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறுக, இடையில் காற்று தடைப்பட்டால், மேலேறும் வழியெல்லாம் மூச்சைச் சிறிது சிறிதாக வெளிவிடுக.