பிரசவ வேதனையில் தாய்க்கு ஆகாரமும் பானமும்

நடவு வயலில் வேலை செய்யும் பெண்களுக்குப் பொழுது ஏறியதும் கஞ்சி கொடுத்தனுப்ப எந்தக் குடியானவரும் மறப்பதில்லை. வெறும் வயிற்றுடன் நாள் முழுவதும் குனிந்து நிமிர முடியாதென்பது அனுபவத்தில் கண்ட உண்மை. அதே பெண், நடவினும் கடினமான பிரசவ உழைப்பில் பகலும் இரவுமாக ஈடுபட்டிருக்கும் சமயத்தில், "இப்போது ஒன்றும் கொடுக்கலாகாது" என்று ஒரு வாய்த் தண்ணீரும் மறுக்கப்படுவது பல வீடுகளில் வழக்கமாயிருக்கிறது. வேறு சில வீடுகளிலோ, தெம்பு வேண்டுமென்று சொல்லி, வேண்டாமெனத் தலையசைப்பவளுக்கு நெய்ச்சோற்றை வற்புறுத்தி ஊட்டுகிறார்கள். இவ்விரண்டும் தவறு. தக்க முறை யாது என்பதைச் சங்க அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் தம் குடும்ப நன்மையை முன்னிட்டு அறிந்திருத்தல் அவசியம்.

உழைப்பின் தன்மை

கர்ப்பப்பை தசையால் ஆனது. வலி எனப்படுவது அத்தசை சுருங்கி விரிவதேயாகும். வயலில் உழைக்கும் கை கால்களின் தசைகளுக்குப் போலவே இதற்கும் பிராணவாயுவும், இரத்தத்திலுள்ள சர்க்கரைச் சத்தும் வேண்டும். முதற் பிரசவத்தில், கர்ப்பப்பையின் வாய் 5 சென்டிமீட்டர் விரிந்த பின்னர் அது முழுவதும் திறக்க 12 மணி நேரம் வரையிலும், அடுத்த பிரசவங்களில் 10 மணி நேரம் வரையிலும் ஆகலாம். அதன் பின் குழந்தையை முக்கி வெளியேற்ற, முதற் பிரசவத்தில் 3 மணி நேரமும், மற்றவற்றில் 2 மணி நேரமும் செல்லக்கூடும். இவற்றிற்கு முன்பு விட்டு விட்டு வரும் இலேசான வலியில் ஓர் இரவு முழுவதும் கழிந்துவிடுவதும் உண்டு.

உடல் தன் சேமிப்பிலிருந்து சிறிது செலவழிக்கும். ஈரல், சர்க்கரைச் சத்தை ஒருவகை மாச்சத்தாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. ஆயினும் அச்சேமிப்பு ஏறக்குறைய 100 கிராம்தான். 1 கிராமுக்கு 4 கலோரி வீதம் அது 400 கலோரி சக்தியைத் தரும். இரவெல்லாம் பட்டினி கிடந்தால் அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பின்னர் உடல் கொழுப்பைக் கரைத்துச் சக்தி தேடும். கர்ப்பிணிகளிடத்தில் இந்த மாறுதல் மற்றவர்களைக் காட்டிலும் விரைவில் நிகழ்கிறது. நீர் குறைந்து நாவறட்சியும் சோர்வும் சேருமானால், தாய்க்கு வேதனை இரட்டிப்பாகிறது.

தடை உண்டான வரலாறு

ஆஸ்பத்திரிகளில் ஆகாரத்தைத் தடுக்கும் வழக்கம் காரணமின்றித் தோன்றியதன்று. அக்காலத்தில் மேல்நாடுகளில், பிரசவத்தின்போது ஈதர் முதலியவற்றை முகமூடி வழியாக முகரச் செய்து தாயை உணர்விழக்கச் செய்வதுண்டு. அந்நிலையில் வயிற்றிலுள்ளது மேலேறி மூச்சுக் குழலில் இறங்கினால் பேரபாயம். நியூயார்க் நகரத்து வைத்தியர் கர்ட்டிஸ் மெண்டல்சன், 1932 முதல் 1945 வரை ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நிகழ்ந்த 44,016 கர்ப்பங்களை ஆராய்ந்து, 66 பேருக்கு இவ்விபத்து நேர்ந்ததையும், கெட்டியான உணவு மூச்சை அடைத்து இருவர் இறந்ததையும் 1946-ம் வருஷத்தில் வெளியிட்டார். வேதனைக் காலத்தில் வாய்வழி ஆகாரம் கூடாதென்பது அவர் கூறிய யோசனைகளில் ஒன்று. அது பல தேசங்களிலும் பொது விதியாகப் பரவிற்று.

அதற்குப் பின் மயக்க மருந்து கொடுக்கும் முறை வெகுவாகத் திருந்தியது. இப்பொழுது சிசேரியன் சிகிச்சைகளில் பெரும்பாலானவை, முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி, தாய் விழித்திருக்கும்போதே செய்யப்படுகின்றன. ஆகவே பழைய அபாயம் மிகவும் குறைந்துவிட்டது. ஆயினும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

பரிசோதனைகள் கூறுவது

லண்டன் நகரத்தில் முதற் பிரசவத்திற்கு வந்த சுமார் 2,400 தாய்மாரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இலேசான ஆகாரமும், மற்றவருக்குத் தண்ணீர் மட்டுமே என்றும் விதித்துப் பார்த்தனர். 2009-ல் வெளியான முடிவின்படி, இரு பிரிவிலும் 100-க்கு 44 பேர் ஆயுத உதவியின்றிப் பிரசவித்தனர். வாந்தியிலும் வித்தியாசம் காணப்படவில்லை. இத்தகைய 5 பரிசோதனைகளை, மொத்தம் 3,130 தாய்மாரைப் பற்றியவற்றை, ஒருங்கே ஆராய்ந்தவர்களும், அபாயக் குறியில்லாத தாய்க்கு ஆகாரத்தைத் தடுப்பதால் நன்மையோ தீமையோ தெரியவில்லை என்றே முடிவு செய்தனர்.

இதன் பொருளைச் சரியாக உணர வேண்டும். கஞ்சி குடித்தால் பிரசவம் சீக்கிரம் ஆகிவிடாது. ஆகாரம் வலிக்கு மருந்துமன்று. ஆனால் பசியும் தாகமும் ஒருவரை வருத்தும். அவ்வருத்தத்தால் எப்பயனும் இல்லாதபோது அதை ஏன் சுமத்த வேண்டும்? இக்கருத்தையொட்டியே, அபாயக் குறியில்லாத தாய்மார் வேதனைக் காலத்தில் உண்ணவும் பருகவும் இடமளிக்க வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2018-ல் சிபாரிசு செய்தது. தாயின் விருப்பமே இதில் முதன்மை. கேட்டால் மறுக்கலாகாது, மறுத்தால் திணிக்கலாகாது.

கொடுக்கத் தக்கவை

வேதனைக் காலத்தில் இரைப்பை மெதுவாகவே வேலை செய்யும். வலி தணிக்கச் சில ஊசிகள் போட்டால் இன்னும் மந்தமாகும். ஆதலின் எளிதில் ஜீரணமாகும் பொருள்களை, கொஞ்சங் கொஞ்சமாக, வலிகளுக்கு இடையில் கொடுக்க வேண்டும். வலி இலேசாயுள்ள ஆரம்பத்திலேயே சிறிது உண்பது நல்லது. வலி மிகுந்த பின் பெரும்பாலோர் தாமாகவே உணவை விரும்பார். அப்பொழுது பானங்களே போதும்.

1. அரிசி நொய்க் கஞ்சி, சிறிது உப்பிட்டது. 25 கிராம் அரிசியில் சுமார் 90 கலோரி உண்டு.

2. இளநீர், உப்பிட்ட நீர்மோர், காய்ச்சி ஆறிய தண்ணீர். அரை டம்ளராக அவ்வப்போது கொடுக்கலாம்.

3. கருப்பட்டி அல்லது சர்க்கரை கலந்த இலேசான பானம். 3 தேக்கரண்டிச் சர்க்கரை சுமார் 60 கலோரி தரும்.

4. ஆரம்ப வலியில் ஓர் இட்லி, இடியாப்பம் அல்லது ஒரு சிறு வாழைப்பழம்.

நெய், எண்ணெய்ப் பலகாரம், மாமிசம், வயிறு நிறைந்த சோறு ஆகியவை விலக்கத்தக்கவை. தண்ணீரையும் அளவின்றிக் குடிக்கச் செய்யலாகாது. இரத்தத்திலுள்ள உப்பு நீர்த்து, வாந்தியும் வலிப்பும்கூட உண்டாகலாம். வலி வருவதற்கென்று விளக்கெண்ணெய் கொடுப்பது பேதியை உண்டாக்கி உள்ள நீரையும் போக்கிவிடும். "குளுக்கோஸ் ஏற்றினால்தான் தெம்பு" என்று ஆஸ்பத்திரியில் வற்புறுத்துவதும் தகாது. நரம்பின் வழியே அச்சர்க்கரை மிகுதியாகச் சென்றால், பிறந்த குழந்தையின் இரத்தத்தில் சர்க்கரை திடீரெனக் குறைய நேரிடும்.

நிறுத்த வேண்டிய சமயங்கள்

சிகிச்சை செய்ய நேரலாமென்று வைத்தியர் கருதினால், வாய்வழி எதுவும் கொடுக்க வேண்டாமென்பார். அக்கட்டளையை மீறி மறைவாக ஊட்டுவது, அன்பினால் செய்த போதிலும், உயிருக்கே உலை வைக்கும். கடைசியாக எப்பொழுது, என்ன உண்டாள் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்; அதையறிந்தே மயக்க மருந்து கொடுக்கும் முறையை அவர்கள் தீர்மானிப்பர். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இரட்டைக் கரு, முந்திய சிசேரியன் ஆகியவை உள்ள தாய்மார் வைத்தியர் சொற்படியே நடக்க வேண்டும்.

உதிரப் போக்கு, வலிப்பு, காய்ச்சல், பனிக்குடம் உடைந்தும் வலி வாராமை, குழந்தையின் கை முன்னே வருதல், நெடுநேரம் வலித்தும் பிறவாமை ஆகியவை கண்டால், "கஞ்சி கொடுத்துப் பார்ப்போம்" என்று காலம் கடத்துவது பெருந் தவறு. ஒரு கணமும் தாமதியாமல் 108 வண்டியை அழைக்க வேண்டும். வீட்டிலேயே வலிக்கு ஊசி போடச் செய்வது கர்ப்பப்பை கிழியவும் இடமாகும்.

அங்கத்தினர் செய்யத் தக்கது

விதைப்புக்கு முன்பே விதையும் உரமும் சேகரிப்பது போல, ஒன்பதாம் மாதத்திலேயே சில ஏற்பாடுகளைச் செய்து வைத்தல் வேண்டும். ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லும் பையில் துணிகளுடன் ஒரு வெந்நீர்க் குடுவை, டம்ளர், கரண்டி, சிறிது சர்க்கரை, உப்பு ஆகியவை இருக்கட்டும். உடன் செல்லும் பெண்மணி யார் என்பதை முன்னரே தீர்மானித்து, அவர் ஆஸ்பத்திரி தாதியை நோக்கி, "இவள் என்ன குடிக்கலாம்?" என்று வந்தவுடனே கேட்கும்படி சொல்லி வைக்க வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில், 2011-ல் தொடங்கிய திட்டப்படி, சாதாரணப் பிரசவமான தாய்க்கு 3 நாள் வரையிலும், சிசேரியன் ஆனவருக்கு 7 நாள் வரையிலும் இலவச ஆகாரம் பெற உரிமையுண்டு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

சங்கக் கூட்டத்தில் கடன், உரம், விளைச்சல் இவற்றைப் பற்றிப் பேசி முடித்தபின், இவ்விஷயத்தையும் ஒரு முறை படித்துக் காட்டுவது நலம். கேட்ட ஆண்மக்கள் தம் வீட்டு மூதாட்டிகளிடம் பணிவுடன் எடுத்துரைப்பார்களாக. வேதனைப்படும் பெண் தண்ணீர் கேட்டு, அது மறுக்கப்படும் நிலை நம் கிராமத்தில் எந்த வீட்டிலும் இனி இல்லாதிருக்கட்டும்.