நவம்பர் மாதத்துப் பிரஷர்

புத்தளத்திலிருந்து கற்பிட்டி போகும் பாதையில் எனக்குத் தெரிந்த ஒரு கணக்காளர் நானா இருக்கிறார். நவம்பர் நடுப்பகுதியில் அவருடைய அலுவலகத்துக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது கருவாட்டு வாடைதான். கதவோரம் வரிசையாகச் சொப்பிங் பைகள் கிடக்கும். ஒன்று உப்பளக்காரருடையது, ஒன்று இறால் பண்ணையிலிருந்து வந்தது, வாடை அடிப்பது கருவாட்டு முதலாளியின் பை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வருடத்துப் பில்கள். வெயிலிலும் உப்புக் காற்றிலும் எழுத்து வெளிறிப்போன பில்லை மேசை விளக்குக்குக் கீழே சரித்துப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, "இது எட்டா, மூண்டா?" என்று கேட்பார். அப்போதே தொலைபேசி அடிக்கும். "நானா, இன்னும் ரெண்டு பை இருக்கு. நாளைக்குக் கொண்டாறேன்."

மூன்று திகதிகள், ஒரே மாதம்

நமது வரி ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. வருமான வரி விவரத்திரட்டை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுக்க நவம்பர் 30 வரை, முழுதாக எட்டு மாதம் இருக்கிறது. அந்த எட்டு மாதமும் பைகள் வீட்டில்தான் தூங்குகின்றன. இதற்கிடையில் நவம்பர் 15இல் காலாண்டுத் தவணையும் சம்பளத்தில் கழித்த வரியும், 20இல் பெறுமதி சேர் வரியும், மாத முடிவில் ஊழியர் சேமலாப நிதியும் வந்து நிற்கும். கடைசி இரண்டு வாரங்கள் நானா காலை ஏழுக்கு உட்கார்ந்தால் இரவு பதினொன்று வரை எழும்புவதில்லை.

வாரத்துக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 வீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து கூறின. 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டுச் சொன்ன கணக்கு அது. இரண்டு வாரத்தில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் ஏற்கெனவே பிரஷரோ சுகரோ உள்ளவருக்கு அந்த இரண்டு வாரம் சாதாரணமானதல்ல.

விடுபட்ட மாத்திரை

ஒரு நவம்பரில் நானாவுக்குத் தலை சுற்றியது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துத் தொழுதுவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார். பிடரி கனத்தது. பக்கத்துப் பாமசியில் பிரஷர் பார்த்தபோது 190/110. விசாரித்தால், கிளினிக் நாள் தவறி, மாத்திரை விடுபட்டு மூன்று வாரமாகியிருந்தது. கிளினிக் கொப்பி பைல்களுக்கு அடியில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்துக் காத்திருந்தால் அரைநாள் போய்விடும், 30ஆம் திகதி முடியட்டும் என்று விட்டுவிட்டார்.

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு விசயத்தைத்தான் பிடித்துக்கொள்வீர்கள் என்றால், இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரஷர் ஏறினாலும் பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது. அதனால்தான் மாத்திரையை நிறுத்தினாலும் முதல் நாட்களில் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். சிலவகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் முன்பிருந்ததைவிட மேலே ஏறும். ஒக்டோபர் கிளினிக்கிலேயே டொக்டரிடம் உங்கள் தொழிலைச் சொல்லுங்கள். போக முடியாத மாதத்துக்கு என்ன வழி, கொப்பியைக் காட்டி வெளியில் வாங்கலாமா, வீட்டார் வந்து எடுக்கலாமா என்று கேட்டு வையுங்கள். இதுவரை பிரஷரே பார்க்காதவர்களும் இருப்பார்கள். 35 வயது தாண்டியவர்களுக்கு அரச ஆஸ்பத்திரிகளில் பிரஷரும் சுகரும் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஒக்டோபரில் ஒரு காலைப்பொழுது அதற்குப் போதும்.

எட்டு பிளேன்டீயின் கணக்கு

நானாவின் மேசையில் ஒரு நாளைக்கு எட்டு பிளேன்டீ வரும். கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் பதினாறு கரண்டி. கரண்டிக்கு 4 கிராம் என்றாலும் 64 கிராம். சேர்க்கும் சீனி நாளுக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இதில் மாலு பாணும் ரோல்ஸும் சேரவில்லை. இரவில் கருவாட்டுக் குழம்போடு சோறு என்றால் உப்புக் கணக்கும் தனியாக ஏறும். பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும்.

தேயிலையில் உள்ள கஃபீன் பாதி இறங்கவே உடம்புக்கு ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும். இரவு பத்துக்குக் குடித்த பிளேன்டீயின் கஃபீனில் பாதி விடிய மூன்றுக்கும் இரத்தத்தில் இருக்கும். அஸருக்குப் பிறகு வெறும் தண்ணீர் குடியுங்கள்.

ஒன்பதால் வகுபடும் பிழை

கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும்: இரண்டு பக்கமும் பொருந்தாமல் வரும் வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கக் கூடும். 45,360 என்பது 54,360 ஆனால் வித்தியாசம் 9,000. இரவு பதினொரு மணிக்கு இந்தப் பிழைகள்தான் பெருகும். பதினேழு மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் கவனத்துக்கு ஒப்பாகும் என்று 1997இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. விடிய ஐந்துக்கு எழும்பியவருக்கு அந்தப் பதினேழு, இரவு பத்துக்கே முடிந்துவிடும். அதற்குப் பிறகு போடும் கணக்கை மறுநாள் திருத்திக்கொள்ளலாம். அதற்குப் பிறகு மழை இருட்டில் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போவதுதான் எனக்குப் பயம். அந்த நாட்களில் மகனையோ தம்பியையோ வந்து கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

இடுப்பு நோவுக்கும் கண் எரிச்சலுக்கும் நீண்ட வைத்தியம் சொல்லப்போவதில்லை. அரைமணிக்கொரு தடவை எழும்பி, வாசலில் நின்று, தூரத்துத் தென்னை மரத்தைக் கொஞ்சநேரம் பாருங்கள். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது. கண் காய்வது அதனால்தான்.

மழைக்காலத்து நோவு

நமது பக்கத்தில் நவம்பர் மழை மாதம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மாவட்டத்தில் பல இடங்கள் வெள்ளத்தில் கிடந்தன, விவரத்திரட்டு முடியும் அதே நாட்களில்தான். மழையோடு டெங்கும் எலிக்காய்ச்சலும் வரும். உடம்பு உளைகிறது, தலை இடிக்கிறது, உட்கார்ந்து உட்கார்ந்து வந்த நோவு என்று நினைத்து நோவு மாத்திரை போடுகிறார்கள். காய்ச்சல் இருந்தால் பனடோல் தவிர வேறு நோவு மாத்திரையைத் தொடவேண்டாம். டைக்குளோபினெக், ஐபுபுரொபென் போன்றவை டெங்கில் இரத்தக் கசிவைக் கூட்டும். வெள்ளத்தில் கால் வைத்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் நொந்தால் அன்றே டொக்டரிடம் காட்டவேண்டும்.

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால், நெஞ்சு இறுகினால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு முதல் நாலரை மணித்தியாலம்தான் இருக்கிறது. படுத்து எழும்பினால் சரியாகும் என்று காத்திருக்கக்கூடாது. மனம் தாங்காமல் போகும் இரவுகளுக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

பை கொண்டுவருபவர்களுக்கு

கடைசியாக உப்பள முதலாளிமாருக்கும் பண்ணைக்காரருக்கும் கடைக்காரருக்கும். உங்கள் கணக்காளரின் பிரஷரில் ஒரு பங்கு உங்கள் பையில் இருக்கிறது. ஏப்ரலிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். வெளிறும் பில்லை வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து அனுப்புங்கள். நானாவிடம் வரும் இறால் பண்ணைக்காரர் ஒருவர் இப்போது அப்படித்தான் செய்கிறார். தீன் வாங்கிய பில், ஐஸ் பில், டீசல் பில் எல்லாம் அன்றன்று வந்துவிடும். போன நவம்பரில் அவருடைய கணக்கு 10ஆம் திகதிக்கு முன்பே முடிந்தது. அன்று நானா மஃரிப் பாங்குக்கு முன் கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.